நான்காம் எண்ணுக்கு ஓய்வு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானைக்கு அது சரிதான். கண்ணாடியக்காவின் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் செல்லாக்காசு. செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் ஆயிரம் பொன் ஆனார். அதுவும் வேறு ஒருவர் வாய் திறந்ததால்.

கல்லூரி நாட்களில் அவர் கால்பந்து அணியில் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டி எவனும் பந்தைக் கொண்டுபோக முடியாது என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் பூட்டு. அந்தக் கல்லூரி தன் ஆயுளில் ஒரே ஒரு கோப்பைதான் வாங்கியிருக்கிறது. அந்த இறுதிப் போட்டியில் முழு நேரமும் ஆடியவர் பூட்டு. படிப்பு முடிந்ததும், "உனக்கு வேலை நாங்க பார்த்துத் தர்றோம்" என்று தோளில் தட்டிய கைகளெல்லாம் அவரவர் சட்டைப்பைக்குள் போய்விட்டன. பூட்டு குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் வண்டி ஓட்டினார். ஓட்டியது போக, பெட்டிகளை மாடிக்குத் தூக்கவும் தூக்கினார். காலையில் நாலு சுற்று ஓடலாமே என்று பழைய மைதானத்துக்குப் போனால், வாசல் காவலாளி "வெளியாளுங்களுக்கு அனுமதி இல்ல" என்றான். மகளுக்கு அவர் பந்து பழக்கியது குளிர்பெட்டிக் கடைக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தில். ஒரு நாள் மூன்றாவது மாடிக்கு ஒரு பெட்டியை ஏற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கல்லூரியிலிருந்து ஒரு பூகூட வரவில்லை.

இது நடந்து இரண்டு வருடம். அந்த இறுதிப் போட்டியில் எதிரணியில் ஆடிய பையன் பிற்பாடு நாட்டுக்கே ஆடிப் பேர் வாங்கி, ஓய்வும் பெற்று, தொலைக்காட்சியில் பேட்டி கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தார். உங்களை அசைய விடாமல் நிறுத்தியவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பெயர் ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் சிரித்தபடி, "காலேஜ்ல ஒருத்தன் இருந்தான். நாலாம் நம்பர். பேர் தெரியாது. அன்னைக்கு என்னை மூச்சு விட விடல" என்றார்.

மறுநாள் காலையில் கல்லூரி விழித்துக்கொண்டது. யார் அந்த நாலாம் நம்பர்? முதல்வருக்குத் தெரியவில்லை, முன்னாள் மாணவர் சங்கச் செயலாளருக்கும் தெரியவில்லை. முதலில் அந்தக் காலத்துக் கோல்கீப்பர் வீட்டில் பூங்கொத்தோடு போய் நின்றார்கள். அவர் நல்ல மனுஷர். "நான் ஒண்ணாம் நம்பருங்க. நாலு, நம்ம பூட்டு. அவன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். கொண்டுவந்த பூங்கொத்தைத் திருப்பி எடுத்துப்போக வெட்கப்பட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆனால் செயலாளருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. உயிரோடு இருப்பவரைப் பாராட்டினால் மேடையில் ஏதாவது பேசித் தொலைப்பார். இறந்தவர்கள் அந்த விஷயத்தில் தங்கம்.

கண்ணாடியக்காவுக்கு வேலை படச்சட்டம் போடும் கடையில். கண்ணாடி வெட்டுவது, அட்டை அளந்து ஒட்டுவது, பின்பக்கம் ஆணியடித்து மூடுவது எல்லாம் அவள் பொறுப்பு. கண்ணாடியை ஒரே இழுப்பில் வெட்டுவாள், பிசிறே இருக்காது. தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். செயலாளர் கடைக்கே வந்து, வெட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நின்று விஷயத்தைச் சொன்னார்.

"அவர் போட்ட நாலாம் நம்பருக்கு ஓய்வு கொடுக்கறோம்மா. இனிமே நம்ம காலேஜ்ல அந்த நம்பரை யாரும் போட முடியாது. பெரிய பெரிய கிளப்புல எல்லாம் இப்படித்தான் செய்வாங்க. இதுக்கு மேல ஒரு ஆட்டக்காரனுக்கு மரியாதையே கிடையாது."

அவளுக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். படியில் உட்கார்ந்தபடியே போன மனிதருக்கு இப்போதாவது யாரோ எழுந்து நிற்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள். அன்று கடையில் ஒரு கண்ணாடியை அளவு தப்பாக வெட்டினாள், முதலாளி திட்டியதுகூடக் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், அவள் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரும் போடக் கூடாதுன்னா, நானும்தானேம்மா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மகள் படிப்பதும் அதே கல்லூரி. ஆடுவதும் அதே பின்வரிசை. பெண்கள் அணியில் சேர்ந்த முதல் நாளே நாலாம் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் பழகிய காலத்தில் அப்பா எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் கத்துவார். "அந்த நம்பர் முதுகுல இருந்தா, பின்னாடி அப்பா நிக்கிற மாதிரி இருக்கும்மா. திரும்பிப் பார்க்காமலே ஆடுவேன்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அப்பாவுக்கு மரியாதை செய்வதற்காக அப்பாவை அவள் முதுகிலிருந்து உரிக்கப்போகிறார்கள்.

கண்ணாடியக்கா உடனே செயலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த நம்பரை என் பொண்ணு போட்டுக்கிட்டு இருக்கா சார்."

"எங்க?"

"உங்க காலேஜ்லதான். பொண்ணுங்க டீம்ல."

"நம்ம காலேஜ்ல பொண்ணுங்க டீம் இருக்கா?" என்றார் செயலாளர். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "இருக்கட்டும்மா, சந்தோஷம். ஆனா தீர்மானம் போட்டாச்சே. யாரும்னா யாரும்தான். உங்க வீட்டுக்காரருக்குத்தானே மரியாதை செய்யறோம், நீங்களே வேணாங்கலாமா?" என்று முடித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விளையாட்டுச் சாமான் அறைக்காரர் மகளிடமிருந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனார். மேலிடத்து உத்தரவு, நாலாம் நம்பர் சட்டை எதுவும் வெளியில் இருக்கக் கூடாதாம். பதிலுக்கு ஒரு பதினேழாம் நம்பரைக் கொடுத்தார். மகள் அதை நாற்காலி முதுகில் போட்டாள். இரண்டு நாளாக அது அங்கேயே தொங்கியது.

அடுத்த வாரம் படச்சட்டக் கடைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஊரில் சட்டையை விரித்து வைத்துச் சட்டம் போடத் தெரிந்த கடை அது ஒன்றுதான். முதலாளி ஒரு காகிதப் பையையும் பித்தளைத் தகட்டையும் அவள் மேசையில் வைத்து, "உங்க வீட்டு விசேஷம்தான், நீங்களே பண்ணுங்க" என்றார். தகட்டில், 'இறுதிப் போட்டியில் அவர் அணிந்த சட்டை' என்று பொறித்திருந்தது.

தகட்டை இரண்டு தடவை படித்தாள். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறதா? அந்தக் காலத்தில் சட்டைகளை எல்லாம் கல்லூரியே திரும்ப வாங்கிக்கொள்ளும், பிறகு அவை விடுதிச் சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கும் துணியாகிவிடும் என்று அவர் சொல்லிச் சிரித்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு பையைப் பிரித்தாள்.

பச்சைச் சட்டை. முதுகில் நாலு. இடது தோளில் ஒரு கிழிசல், அதை நீல நூலால் தைத்திருந்தது. பச்சை நூல் தீர்ந்துபோனதால் போன மாதம் அவளே நீல நூலால் தைத்த தையல்.

அவள் சட்டையை விரித்துப் பார்த்தாள். அவர் உடம்புக்கு இதில் ஒரு கை நுழைந்தால் பெரிய விஷயம். யாரும் திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. நாலாம் நம்பர் சட்டை எங்கே என்று மேலே இருந்தவர் கேட்டிருப்பார், இருந்த ஒன்றைக் கீழே இருந்தவர் கொடுத்திருப்பார், நடுவில் இருந்த ஒருவரும் பையைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். பெண்கள் அணி என்று ஒன்று இருப்பது தெரிந்தால் அல்லவா அவர்களுக்குச் சட்டை இருப்பது தோன்றும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற மாதிரி, மகள் தோலை உரித்து அப்பனுக்குப் பொன்னாடை போர்த்தப் பார்த்தார்கள்.

மறுபடியும் போன் போட்டாள். "சார், அது என் பொண்ணோட சட்டை."

"புரியுதும்மா. அப்பா சட்டைன்னா பொண்ணுக்கும் உரிமைதான். ஆனா அது இப்ப காலேஜ் சொத்து. நல்லா சட்டம் போட்டுக் குடுங்க" என்று குரலில் தேன் வடியச் சொன்னார் செயலாளர்.

அத்தோடு கண்ணாடியக்கா பேசுவதை விட்டுவிட்டாள். மதியச் சாப்பாட்டு வேளையில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் ஒரு பெரிய பச்சைச் சட்டை வாங்கி, முதுகில் நாலு அச்சடித்துக்கொண்டு வந்தாள். புதுசு பளபளத்தது. வாளித் தண்ணீரில் டீத்தூளைக் கொதிக்கவைத்து ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, வெயிலில் காயப்போட்டு, செங்கல்லால் தேய்த்து, தோளில் தானே கிழித்துத் தானே தைத்தாள். இந்தத் தடவையும் நீல நூல்தான், சாமான் அறைக்காரர் ஒருவேளை ஞாபகம் வைத்திருந்தால்? வேலை முடிந்ததும் பார்த்தாள். கால் நூற்றாண்டு உழைத்த களை அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டு, தகட்டை ஒட்டி, பின்பக்கத்தை ஆணியடித்து மூடினாள். முதலாளி பார்த்துவிட்டு, "பழைய பொருளுக்கு ஒரு அழகு இருக்கத்தான் செய்யுது" என்றார்.

மகளின் சட்டை மகளுக்கே வந்துவிட்டது. ஆனால் போட்டுக்கொண்டு ஆடுவது எப்படி? அதற்குப் பெண்கள் அணியின் கோச்சம்மா வழி சொன்னார். பல வருடமாக அந்த அணியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கும் மனுஷி. "நான் எதையும் பார்க்கல, நீ தாராளமா போட்டுக்கோ. நம்ம மேட்சைப் பார்க்க எவன் வரப்போறான்?" என்றார். மகள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாளாம். வீட்டில் வந்து சொன்னபோது கண்ணாடியக்காவும் சிரித்தாள்.

விழாவும் பெண்கள் அணியின் லீக் ஆட்டமும் ஒரே மாலையில் வந்து விழுந்தன. யாரும் தேதி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. விழா முதல் மாடி அரங்கில். அரங்கின் ஜன்னல்கள் மைதானத்தைப் பார்த்தவை. கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் மைதானத்தில் கிடந்தவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மேடையில் நடுவில் கண்ணாடியக்காவை உட்காரவைத்தார்கள். முதல்வர் பேசினார், தீர்மானத்தை வாசித்ததும் கூட்டம் கைதட்டியது. பெரிய ஆட்டக்காரர் அனுப்பிய வீடியோ ஓடியது. பிறகு பூட்டின் பழைய கோச், வயதானவர், கைத்தடியோடு எழுந்தார். சில வருடம் முன்பு சந்தையில் பூட்டு போய் வணக்கம் சொன்னபோது, "யாருப்பா நீ?" என்று கேட்ட அதே கோச்தான். சட்டத்தை மூடியிருந்த திரை விலகியதும் கண்ணாடிமேல் கை வைத்தார்.

"இந்தத் தோள்ல கிழிஞ்சது அந்த ஃபைனல்லதான். என் கண்ணு முன்னால கிழிஞ்சது. பாருங்க, அன்னைக்கு மழை. அந்தச் சேத்துக் கறை இன்னும் போகல."

கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடியக்கா டீத்தூளை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கிழவரின் கண்ணில் வழிந்தது நிஜக் கண்ணீர். அதைப் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சேற்றை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்போது வெளியே ஒரு கூச்சல் எழுந்தது. விசில், கைதட்டல், பெண் பிள்ளைகளின் கத்தல். முதல்வர் முகம் சுளித்தார். செயலாளர் எழுந்து ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

கண்ணாடியக்காவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே, இந்தப் பக்கத்துக் கோலுக்கு முன்னால், மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகில் அந்த எண். செயலாளர் பார்த்தார், நிதானமாகவே பார்த்தார். முழுப் பூசணிக்காயை யாரும் சோற்றில் மறைக்கவில்லை, தட்டில் வைத்தே நீட்டியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல சார். யாரோ பொண்ணுங்க விளையாடிட்டு இருக்காங்க" என்று சொல்லி, செயலாளர் ஜன்னலைச் சாத்தினார்.

தப்பித்தோம் என்று வந்த மூச்சு பாதியிலேயே கசந்துவிட்டது. இந்த ஓட்டைக்குள் ஒளிந்துகொண்டு மகள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போடலாம். யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கேட்டது கிடைத்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டு இரு என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. அவரையும் இப்படித்தானே பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்தார்கள்?

"இப்போது குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை" என்று மைக்கை அவள் முன் வைத்தார்கள். நன்றி சொல்ல மனப்பாடம் செய்து வந்திருந்தாள். எழுந்து நின்றதும் வாயில் வந்தது வேறு.

"எல்லாருக்கும் நன்றி. இனிமே நாலாம் நம்பரை யாரும் போட மாட்டாங்கன்னு இப்ப கை தட்டினீங்க. இப்ப சார் சாத்தினாரே, அந்த ஜன்னலுக்குக் கீழ என் பொண்ணு அதே நம்பரைப் போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்கா. உங்க காலேஜுக்காகத்தான் ஆடறா. அவங்க அப்பாதான் பழக்கினார். உங்க வாசல்ல விடலன்னு கடைக்குப் பின்னால, வண்டி நிறுத்தற இடத்துல வெச்சுப் பழக்கினார். அவளைக் கழட்டச் சொல்லணும்னா, இப்பவே கீழ போய் அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கினார். முதல்வர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எத்தனையோ கூட்டங்களைக் கரையேற்றியவர், சிரித்த முகமாக மைக்குக்கு வந்தார்.

"அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. இதுல ஒரு சிக்கலும் இல்ல. தீர்மானம் காலேஜ் டீமுக்குத்தான். பொண்ணுங்க டீம் அந்தக் கணக்குலயே வராது. பாப்பா தாராளமா போட்டுக்கட்டும்!"

கூட்டம் கைதட்டியது. என்ன பெருந்தன்மை என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். கண்ணாடியக்கா நாற்காலிக்குத் திரும்பவில்லை. மேடையின் படியில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவே நடந்து, மாடிப்படியில் இறங்கி மைதானத்துக்குப் போனாள்.

இடைவேளை விட்டிருந்தார்கள். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஓடிவந்தாள்.

"என்னம்மா, விழாவுல இல்லாம இங்க வந்துட்ட?"

"நம்பரை நீ போட்டுக்கலாமாம். மேடையில வெச்சே சொல்லிட்டாங்க."

"நிஜமாவா? எப்படிம்மா ஒத்துக்கிட்டாங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெற்ற வாய்க்கு அது வரவில்லை. "நீங்க காலேஜ் டீம் கணக்குலயே வர மாட்டீங்களாம். அதனால போட்டுக்கலாமாம்."

மகள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். சட்டை தோளில் மறுபடியும் பிரிந்திருந்தது.

"அப்பா எப்பம்மா கணக்குல வந்தாரு?"

"செத்த பிறகு."

"அப்ப நானும் அதுவரைக்கும் காத்திருக்கணுமா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், கோச்சம்மாகூடச் சிரித்தார். கண்ணாடியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வாயைக் கழுவுடி" என்று மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய கையை எடுக்க மனமில்லாமல் வியர்த்த அந்தத் தலையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். விசில் ஊதியதும் மகள் ஓடினாள்.

உட்கார நாற்காலி ஒன்றுகூட மைதானத்தில் இல்லை. கண்ணாடியக்கா மேடைக்கென்று கட்டிவந்த புதுப் புடவையோடு கோட்டோரத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். எதிரணிப் பெண் பந்தோடு சீறிக்கொண்டு வந்தாள். மகள் அவசரப்படவில்லை. அவள் வரும்வரை விட்டு, கடைசி எட்டில் காலை வைத்துப் பந்தை நிறுத்தினாள். கண்ணாடியக்கா தன்னை மறந்து கத்தினாள். அப்படி ஒரு சத்தம் தன் தொண்டைக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து நின்றார்கள். திரும்பினால், செயலாளர்.

"அம்மா, மேல எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க. சட்டையோட ஒரு போட்டோ எடுக்கணும். நீங்க இல்லாம முடியாது. ரெண்டே நிமிஷம், வாங்க."

அவர் மைதானத்துக்குக் குறுக்கே, அவள் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி நில்லுங்க சார். ஆட்டம் நடக்குது, கண்ணு தெரியலையா?" என்றாள் கண்ணாடியக்கா.